இரண்டு பேர் மிதிக்கும் படகு

வராதீங்கம்மா, இண்டர்னல் இருக்கு என்றான்.
மூன்றாவது வாரமாக இண்டர்னல்.
சரிப்பா, படி என்று போனை வைத்தேன்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்த நீ
சட்டையைக்கூடக் கழற்றாமல்
கிரீஸ் வாசனையோடு கேட்டாய்:
அப்போ சனிக்கிழமை?

அப்போ சனிக்கிழமை.

எடுத்த லீவை எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்?
காதலர் தின ஆர்டர் முடிந்து
பாலிஹவுஸில் செடிகளெல்லாம்
மொட்டையடித்த தலையோடு நிற்கின்றன.
ஞாயிறே இல்லாத பத்தொன்பது நாள்
இருபது இருபதாக நான் கட்டிய ரோஜா
எந்த ஊர் மேசையில் வாடிற்றோ.
அதற்கு எனக்கு ரெண்டு நாள் பாக்கி.
உனக்கு ஒரு வீக் ஆஃப், ஒரு சி.எல்.
இருபத்திரண்டு வருஷத்தில்
இதெல்லாம் ஒரே தேதியில் விழுந்தது
இப்போதுதான்.

எழுதிக்கொள்.
கேஸ் பில்லின் பின்பக்கம் போதும்.

ஓசூரில் ஏழு மணி வண்டி.
சூளகிரி தாண்டி, மேலுமலை இறக்கத்தில்
நீ தூங்கத்தான் போகிறாய்.
தூங்கு, என் தோளில்.
முன்சீட்டுக் கம்பியில் வேண்டாம்,
போன முறை நெற்றி வீங்கி
கல்யாண போட்டோவில் அப்படியே நிற்கிறாய்.

கிருஷ்ணகிரியில் இறங்கியதும் லாட்ஜ்.
ஆதார் ரெண்டும் வேண்டும்.
என்னுடையதில் இன்னும் அப்பா பெயர்தான்.
மாதப்பன், நாகரத்னா என்று நீ எழுதும்போது
மேனேஜர் ஏற இறங்கப் பார்ப்பான்.
பார்க்கட்டும்.
நரைத்த பிறகு சந்தேகப்படுவதும்
ஒரு மரியாதைதான்.

அவதானப்பட்டிக்கு டவுன் பஸ்.
எனக்கு டிக்கெட் கிடையாது, உனக்கு உண்டு.
அதை ஒரு வருஷத்துக்குச் சொல்லிக்காட்டுவேன்.

ஏரியில்
மோட்டார் படகு வேண்டாம்.
மிதிக்கிற படகு, ரெண்டு பேருக்கு.
திருப்புகிற கம்பி நடுவில் ஒன்றுதான்.
அது என் கையில்.
வாழ்க்கையில் ஒரு அரைமணி நேரம்
நான் திருப்புகிற பக்கம் போவோம்,
கரை இடித்தாலும்.

வறுத்த கடலை.
மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்.
ரோஜா மட்டும் வாங்கிவராதே,
கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

இதைக் கொஞ்சம் கவனமாகக் கேள்.
சனிக்கிழமை என்றால்
காலேஜ் பிள்ளைகள் ஏரிக்கு வருவார்கள்.
அந்தக் கூட்டத்தில்
தீபாவளிக்கு நாம் எடுத்துத் தந்த மெரூன் சட்டை
யாரோ ஒரு பெண்ணின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
ஐஸ்கிரீம் வழிய வழிய
இண்டர்னல் எழுதிக்கொண்டிருந்தால்,

நீ கூப்பிடக் கூடாது.
மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை.
டேய் லோகீ என்றால்
அணைக்கட்டு வரைக்கும் கேட்கும்.
நான் கம்பியைத் திருப்புவேன்.
நீ குனிந்துகொண்டு மிதி.
தலையில் துண்டைப் போட்டுக்கொள்.
சிரிக்கிறானா என்று மட்டும்
நான் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.
இளைத்திருக்கிறானா என்றும்.

சாயங்காலம் அவனே போன் செய்வான்.
டூட்டி, ஓவர்டைம் என்று சொல்.
பின்னால் காக்கா கத்தினால்
கம்பெனியிலும் காக்கா உண்டு.

இவ்வளவும் சொல்லி
தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான்
நீ வாய் திறந்தாய்:

அவன் நம்மைப் பார்த்துவிட்டால்?

அதற்கு என்னிடம் ஒன்றுமில்லை.
பஸ் நேரம் யோசித்தேன், படகு யோசித்தேன்,
பிள்ளைக்கு முன்னால்
நாற்பத்தாறு வயதில் மாட்டிக்கொள்வதை
யோசிக்கவில்லை.
அவனும் குனிந்துகொள்வானோ.

திரும்பி வந்தேன்.
பேனாவோடு தூங்கிப்போயிருந்தாய்.
கேஸ் பில்லில் கடைசி வரி
பார்த்துவிட்டால் என்ற இடத்திலிருந்து
நேராகப் போகாமல்
ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.

பேனாவை மூடிவைத்தேன்.
நேற்றே கிளறி ஆறவைத்த
புளிக்காய்ச்சல் டப்பாவை
உனக்குத் தெரியாமல்
பைக்கு அடியில்.
ஒரு மாதம் தாங்கும், கெடாது.